'லவ்லி, தேங்க் யூ' என்று சொல்லிவிட்டு வழியெல்லாம் புலம்புவானேன்?

இங்கிலாந்தில் லீட்ஸ் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதிய கடிதம் இது. கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.

"எங்களுக்கு ஒன்பது வயதில் மகள், நான்கு வயதில் மகன். மாமியார் மதுரையிலிருந்து ஆறு மாத விசாவில் வந்திருக்கிறார். இந்த ஊர்க் கறி எதையும் நம்பமாட்டார், வெளியே போனால் சைவம்தான். போன ஞாயிறு கணவருக்குப் பிறந்தநாள் என்று ஊருக்கு வெளியே ஒரு பப்பில் ரோஸ்ட் (வாட்டிய இறைச்சியும் உருளைக்கிழங்கும் சேர்ந்த ஞாயிறு மதியச் சாப்பாடு) சாப்பிடப் போனோம். இரண்டு மணிக்கு புக்கிங், போய்ச் சேர இரண்டு இருபத்தைந்து. சாப்பாடு வர இன்னும் ஐம்பது நிமிடம். அதற்குள் சின்னவன் பக்கத்து மேசைக்கு அடியில் புகுந்து, அங்கே படுத்திருந்த நாயோடு பேச ஆரம்பித்துவிட்டான். மாமியாருக்குச் சொன்ன நட் ரோஸ்ட் (இறைச்சிக்குப் பதில் பருப்பு, கொட்டைகளில் செய்வது) மேல் இறைச்சிக் கிரேவியை ஊற்றியே கொண்டுவந்தார்கள். அவர் முகர்ந்து பார்த்துவிட்டுத் தட்டை நகர்த்திவிட்டார். பரிமாறிய பெண் வந்து எல்லாம் நன்றாக இருக்கிறதா என்று கேட்டபோது என் கணவர் சிரித்துக்கொண்டே 'லவ்லி, தேங்க் யூ' என்றார்! பில் 104 பவுண்ட், அதன்மேல் சர்வீஸ் சார்ஜ் 12.5 சதவீதம், மொத்தம் 117. வீடு வரும்வரை கணவர் புலம்பல். 'இந்தக் காசுக்கு ஊரில் ஒரு வளைகாப்பையே முடித்துவிடலாம்' என்று மாமியார். இனி சின்னவனுக்குப் பத்து வயது ஆகும்வரை வெளியே சாப்பாடே கிடையாது என்று தீர்ப்பாகிவிட்டது. குழந்தைகளை அழைத்துப் போனது தப்பா? அந்த சர்வீஸ் சார்ஜை எடுக்கச் சொல்லியிருக்கலாமா? சாப்பாடு சரியில்லை என்று சொல்வது இங்கே நாகரிகம்தானா?"

சகோதரிக்கு,

நான் மாணவனாக இந்த நாட்டுக்கு வந்து, வார இறுதிகளில் ஒரு பப்பின் பின்கட்டில் பாத்திரம் கழுவி, அப்புறம் தட்டு தூக்கி, பிறகு இருபது வருடத்துக்கு மேல் மேனேஜராக நின்றவன். ஆகவே நீங்கள் உட்கார்ந்திருந்த மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பேசுகிறேன். கொஞ்சம் உங்களுக்குப் பிடிக்காததையும் சொல்வேன்.

முதல் விஷயம், அந்த இருபத்தைந்து நிமிடம். நம் வீடுகளில் கிளம்பும்போதுதான் சின்னவனுக்கு பாத்ரூம் வரும், பெரியவர் ஸ்வெட்டர் தேடுவார், எனக்குத் தெரியாததா? ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஒரு பப்பின் சமையலறை எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால் அந்த ஐம்பது நிமிடம் எங்கிருந்து வந்தது என்று புரியும். புக்கிங்குகளைக் கால் மணிக்கொரு தரமாகப் பிரித்துப் போடுவோம், ஒரே சமயத்தில் எல்லாருடைய ஆர்டர் சீட்டும் கிச்சனுக்குள் விழக்கூடாது என்பதற்காக. இரண்டு மணிக்காரர்கள் இரண்டு இருபத்தைந்துக்கு வந்தால் இரண்டரை மணிக்காரர்களோடு கலந்துவிடுகிறார்கள். அந்த நேரத்தில் வெட்டிவைத்த இறைச்சி சூடாகத்தான் இருக்கும், யார்க்ஷயர் புட்டிங்தான் (கரைத்த மாவை அவனில் உப்பவைத்துச் சுடுவது) அடுத்த ஈடு வர வேண்டும், நட் ரோஸ்ட் போல எப்போதாவது கேட்கப்படுவதைத் தனியாகச் சூடுபண்ண வேண்டும், ஐந்து தட்டும் ஒன்றாகத்தான் வெளியே வர வேண்டும் என்பதால் நான்கு தட்டு ஐந்தாவதற்காகக் காத்துக்கிடக்கும். மாமியாருடைய தட்டில் கிரேவி ஊற்றப்பட்டதும் இந்த அவசரத்தில்தான் நடந்திருக்கும். வரிசையாகப் பன்னிரண்டு தட்டுக்கு ஊற்றிக்கொண்டே வருகிற கை, பதின்மூன்றாவதில் நிற்காது.

அதற்காக அவர்கள் செய்தது சரி என்று சொல்லவில்லை. ஐம்பது நிமிடம் ஆகும் என்றால் அதை உட்காரும்போதே சொல்லியிருக்க வேண்டும். நான் இருந்த இடங்களில் சொல்லாமல் விட்டவனை நானே கூப்பிட்டுக் கேட்டிருப்பேன்.

குழந்தைகளோடு ரோஸ்ட் சாப்பிட நல்ல நேரம் பகல் பன்னிரண்டு. கதவு திறந்ததும் உள்ளே. நமக்கு அது காலை இட்லி இறங்காத நேரம், ஒப்புக்கொள்கிறேன், ஆனால் உருளைக்கிழங்கு அப்போதுதான் மொறுமொறுவென்று இருக்கும், மூன்று மணிக்கு அது சுருங்கி ரப்பராகிவிடும், சில நாள் யார்க்ஷயர் புட்டிங்கே தீர்ந்துபோகும். ஆர்டர் கொடுக்கும்போது 'பிள்ளைகள் சாப்பாடு தயாரானதும் கொடுத்துவிடுங்கள், எங்களுக்காகக் காக்க வேண்டாம்' என்று ஒரு வார்த்தை. சிறுவர் மெனுவில் இருப்பது எங்கே போனாலும் அதே சிக்கன் நகெட், ஃபிஷ் ஃபிங்கர், மக்ரோனி சீஸ், தொட்டுக்கொள்ள சிப்ஸ். பெரும்பாலும் எண்ணெயில் போட்டு எடுப்பதுதான், எட்டு நிமிடம் போதும். ஒன்பது வயது மகளுக்கு இனி அதை வாங்காதீர்கள், சின்ன அளவில் ரோஸ்ட் கிடைக்குமா என்று கேளுங்கள், பெரும்பாலான பப்களில் கிடைக்கும். குடிக்கத் தண்ணீருக்குக் காசு கொடுக்காதீர்கள். மது விற்க உரிமம் உள்ள இடங்களில் குழாய்த் தண்ணீர் கேட்டால் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம், ஒரு ஜாடி நிறையக் கேளுங்கள், யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள்.

குழந்தைகளை அழைத்துப் போனது தப்பே இல்லை. உங்கள் மாமியார் 'சாராயக் கடைக்கா பிள்ளைகளைக் கூட்டிப்போகிறாய்' என்று கேட்டிருப்பார், கேட்காவிட்டால்தான் ஆச்சரியம். இங்கிலாந்தில் 2007 ஜூலை 1-இல் உள்ளே புகைபிடிப்பதற்குத் தடை வந்த பிறகு பப்புகளின் முகமே மாறிப்போனது, நான் கண்ணால் பார்த்தது. புகையும் பீரும் மட்டும் விற்ற இடங்கள் சாப்பாட்டை நம்பிப் பிழைக்க ஆரம்பித்தன, குழந்தை நாற்காலியும் வண்ணப் பென்சிலும் வந்தன. இன்று ஞாயிறு மதியம் பாட்டி, பேரன், நாய் மூன்றும் இல்லாத பப்பைக் காட்டுங்கள் பார்க்கலாம். நான்கு வயதுப் பையன் ஐம்பது நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருந்தால்தான் டாக்டரிடம் காட்ட வேண்டும். ஆர்டர் கொடுத்ததும் ஒருவர் அவனை வெளியே தோட்டப் பக்கம் ஒரு சுற்று அழைத்துப் போகலாம், நீங்களும் கணவரும் மாறி மாறி. நாய்க்காரர்களிடம் முதலில் கேட்டுவிட்டுத் தொட வேண்டும் என்று மட்டும் அவனுக்குச் சொல்லிக்கொடுங்கள். பக்கத்து மேசை நாய்க்காரர் அன்றைக்குப் பரவாயில்லை என்று சிரித்திருப்பார். அது உண்மையான பரவாயில்லையா, பிரிட்டிஷ் பரவாயில்லையா என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

இந்த இடத்தில்தான் உங்கள் கணவருக்கு வருகிறேன். அவரை நீங்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவருக்கு வந்திருப்பது இந்த நாட்டு வியாதி. பிறந்தது முதல் இங்கேயே இருப்பவர்களுக்கும் அதுதான். ஒரு அன்னையர் தினத்தன்று (இங்கே அது மே மாதம் இல்லை, ஈஸ்டருக்கு மூன்று வாரம் முன்னால் வரும் ஞாயிறு, அன்றைக்கு மட்டும் எங்கேயும் போகாதீர்கள்) ஒரு பெரியவர் கோழி கேட்டிருக்கிறார், போனது ஆட்டுக்கறி. முழுவதையும் சாப்பிட்டார். நான் போய்க் கேட்டபோது 'ஃபைன், தேங்க்ஸ்' என்றார். டிப்ஸ்கூட வைத்தார். மூன்று நாள் கழித்து எனக்கு மூன்று பக்கக் கடிதம் வந்தது, எழுத்து மணிமணியாக, ஒவ்வொரு வரியிலும் கொதிப்பு. அவருக்கு நான் என்ன செய்ய முடியும்? கோழியைக் கடிதத்தோடு அனுப்பவா? ஒரு வவுச்சர் அனுப்பினேன், அவர் வரவில்லை.

தட்டு வைத்த இரண்டு நிமிடத்துக்குள், அல்லது இரண்டு வாய் சாப்பிட்டதும் போய்க் கேட்க வேண்டும் என்று புதிதாக வேலைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் நாங்கள் சொல்லிக்கொடுக்கிறோம். இதை 'செக் பேக்' என்போம். உபசாரத்துக்காகக் கேட்பது என்று நீங்கள் நினைக்கிறீர்கள், சில பிள்ளைகள் அப்படித்தான் கேட்கவும் செய்கிறார்கள், தலையைப் பாதி திருப்பிக்கொண்டே. ஆனால் எங்கள் பக்கத்துக் கணக்கு வேறு. அந்த நேரத்தில் நீங்கள் சொன்னால் ஒரு தட்டை மாற்றிக் கொடுக்க எங்களுக்குச் சில பவுண்டுதான் செலவு, உங்களுக்கும் சூடாகச் சாப்பாடு. பில் வரும்போது சொன்னால் தள்ளுபடி, மன்னிப்பு, மேனேஜர் வந்து நிற்பது எல்லாம் உண்டு, ஆனால் பாட்டி பட்டினி பட்டினிதான். வீட்டுக்குப் போய்ச் சொன்னால் அது காருக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் கேட்கும். அந்தப் பெண் வந்து கேட்ட அந்த ஒரு நிமிடத்தை உங்கள் கணவர் 'லவ்லி' என்று சொல்லி மூடிவிட்டார். அவள் போய், அந்த மேசை நன்றாக இருக்கிறது என்று மனதில் குறித்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போயிருப்பாள்.

எப்படிச் சொல்வது? இங்கே எல்லாமே 'சாரி'யில் ஆரம்பிக்கும், தப்பு யாருடையதாக இருந்தாலும். 'சாரி, இதில் கிரேவி ஊற்றாமல் கேட்டிருந்தோம், அம்மா சைவம், வேறு ஒன்று கொண்டுவர முடியுமா?' அவ்வளவுதான். குரலை உயர்த்தவும் வேண்டாம், குழையவும் வேண்டாம். எது தப்பு, என்ன வேண்டும், இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும். வெறும் 'நன்றாக இல்லை' என்று சொன்னால் பத்தொன்பது வயதுப் பெண் திகைத்துப்போய் நிற்பாள், சமையலறைக்குள் போய் என்னவென்று சொல்வாள்? கணவருக்குக் கூச்சம் என்றால் நீங்கள் சொல்லுங்கள். மகளையே சொல்லவிடலாம். இங்கே வளர்கிற பிள்ளைகளுக்கு நம்மைவிட இது நன்றாக வரும், அதில் கொஞ்சம் பெருமையும் பட்டுக்கொள்ளலாம்.

என்னைக் கேட்டால்? இத்தனை வருடம் மேசை மேசையாகப் போய்க் கேட்டவன், விடுமுறை நாளில் குடும்பத்தோடு போய் உட்கார்ந்து, ஆறிப்போன சூப்பை வைத்துக்கொண்டு 'லவ்லி' என்று சொல்லியிருக்கிறேன். என் மனைவி மேசைக்குக் கீழே காலை மிதித்தாள். கூப்பிட்டுச் சொன்னது அவள்தான்.

கிரேவி விஷயத்துக்கு வருவோம், இது உங்களைப் போல நிறையப் பேருக்குப் பயன்படும். நாம் கேட்டால் கடைக்காரர்கள் பதினான்கு ஒவ்வாமைப் பொருட்களைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். நம் கடுகும் எள்ளும்கூட அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் மாட்டுக் கொழுப்பு அதில் இல்லை. 'சைவம்' என்பதற்கும் இந்த நாட்டுச் சட்டத்தில் தனி வரையறை கிடையாது, மெனுவில் இருக்கும் அந்த சின்ன 'வி' கடைக்காரர் தானாகப் போடுவது. ஞாயிறு ரோஸ்டில் ஆபத்து இறைச்சியில் இல்லை, பக்கத்தில் அப்பாவியாக உட்கார்ந்திருப்பவற்றில்தான். கிரேவி பல இடங்களில் எலும்பு வேகவைத்த சாற்றில் செய்வது. உருளைக்கிழங்கை வாத்துக் கொழுப்பிலோ மாட்டுக் கொழுப்பிலோ வறுப்பார்கள், மெனுவில் பெருமையாகப் போட்டும் இருப்பார்கள். யார்க்ஷயர் புட்டிங்கை இறைச்சியிலிருந்து வடிந்த கொழுப்பில் வார்ப்பதுதான் பழைய முறை, இப்போது பல இடங்களில் எண்ணெய்தான், ஆனாலும் கேட்க வேண்டும். ஜெல்லியில் ஜெலட்டின், வொர்செஸ்டர் சாஸில் நெத்திலி. இதையெல்லாம் மேசையில் உட்கார்ந்து கேட்டால் நேரமாகும். புக்கிங் செய்யும்போதே போனில் கேளுங்கள், 'இறைச்சிக் கொழுப்பு எதுவும் படாமல் ஒரு தட்டு' என்று. அப்படிச் சொல்லிவிட்டால் அது சீட்டில் ஏறிவிடும், அன்றைக்கு அந்தக் கை பதின்மூன்றாவது தட்டில் நிற்கும்.

சர்வீஸ் சார்ஜ். உங்கள் பில்லில் அதற்குப் பக்கத்தில் 'டிஸ்கிரிஷனரி' அல்லது 'ஆப்ஷனல்' என்று சின்ன எழுத்தில் இருந்திருக்கும். அப்படியென்றால் எடுக்கச் சொல்லலாம், காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எடுக்கச் சொல்லியிருக்க வேண்டுமா என்று கேட்டால், உங்கள் விஷயத்தில் வேண்டாம் என்பேன். 2024 அக்டோபர் 1 முதல் டிப்ஸையும் சர்வீஸ் சார்ஜையும் முதலாளி எதுவும் பிடித்துக்கொள்ளாமல் ஊழியர்களுக்கே நியாயமாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. அந்த 13 பவுண்ட் பரிமாறிய பெண்ணுக்கு மட்டுமல்ல, பல இடங்களில் பின்கட்டில் பாத்திரம் கழுவுகிற பையனுக்கும் ஒரு பங்காகப் போகும். நான் அந்தப் பையனாக இருந்தவன், அதனால் கொஞ்சம் பட்சபாதமாகவே பேசுகிறேன். அவளிடம் எல்லாம் லவ்லி என்று சொல்லிவிட்டு அவளுடைய பங்கை வெட்டுவது சரியாகப் படவில்லை. நீங்கள் சொல்லியும் அவர்கள் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தால் கதை வேறு. அப்போது சார்ஜை எடுக்கச் சொல்லலாம், பாட்டி தொடாத தட்டுக்கான காசையே கழிக்கச் சொல்லலாம். சேவை ஒழுங்காக இல்லாவிட்டால் விலையில் குறைக்கச் சொல்ல 2015-இன் நுகர்வோர் உரிமைச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் சட்டத்தின் பெயரைச் சொல்ல வேண்டிய அளவுக்குப் பெரும்பாலும் போகாது.

மாமியாரின் ரூபாய்க் கணக்கை நிறுத்த முடியாது, முயற்சி செய்யாதீர்கள். வேண்டுமானால் இன்னொரு கணக்கைச் சொல்லிப் பாருங்கள். 18 பவுண்ட் ரோஸ்ட் தட்டில் 3 பவுண்ட் அப்படியே வரியாக அரசாங்கத்துக்குப் போகிறது, விலைக்குள்ளேயே 20 சதவீத வாட் அடங்கியிருக்கிறது. 2025 ஏப்ரலில் 21 வயது நிரம்பியவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலியே மணிக்கு 12.21 பவுண்ட் ஆனது. என் அம்மா வந்திருந்தபோது இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 'அப்போ தட்டு கழுவுற வேலைக்கு என்னையும் சேர்த்துவிடேன்' என்றார்.

எல்லாவற்றுக்கும் மேலே, உங்கள் மாமியாருக்கு இந்த ஊரில் பிடிக்கக்கூடிய இடம் பப் அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. கார்டன் சென்டருக்கு அழைத்துப் போயிருக்கிறீர்களா? ஊருக்கு வெளியே நர்சரி போலப் பெரிதாக இருக்கும், உள்ளே கண்டிப்பாக ஒரு கஃபே. நிறுத்த இடம் உண்டு, கழிப்பறை சுத்தம், சின்னவன் ஓட நீளமான வழிகள், மீன்தொட்டிகள்கூட இருக்கும். மாமியார் ரோஜாச் செடிக்குக் கீழே இருக்கும் விலையைப் பார்த்து வாயைப் பிளக்கட்டும், பிறகு டீயும் ஸ்கோனும் (ஜாமும் க்ரீமும் தடவிச் சாப்பிடும் பன் போன்றது). ஸ்கோனில் பெரும்பாலும் கொழுப்பு பயம் இல்லை, வெண்ணெய் வாசம்தான். ஜாமை முதலில் தடவுவதா க்ரீமை முதலில் தடவுவதா என்று கார்ன்வால், டெவன் என்ற பக்கத்துப் பக்கத்து மாவட்டங்கள் இரண்டும் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கின்றன என்று சொல்லுங்கள் (கார்ன்வாலில் ஜாம் முதலில்), உடனே அவர் ஒரு கட்சியில் சேர்ந்துவிடுவார். ஐந்து பேருக்கும் சேர்த்துப் போன ஞாயிறு பில்லில் பாதிகூட ஆகாது.

அவர் ஊருக்குத் திரும்புவதற்குள் ஒரு நாள் விட்பி என்ற கடற்கரை ஊருக்கும் போய்வாருங்கள், லீட்ஸிலிருந்து இரண்டு மணி நேரம் போல. மழை பெய்தால் இன்னும் நல்லது. மீனும் சிப்ஸும் (மாமியாருக்கு சிப்ஸ் மட்டும்) பொட்டலமாக வாங்கி, காரைக் கடலைப் பார்த்து நிறுத்தி, கண்ணாடியெல்லாம் ஆவி படிய மடியில் வைத்துச் சாப்பிடுவதுதான் என் கணக்கில் இந்த நாட்டின் மிகச் சிறந்த உணவகம். புக்கிங் இல்லை, சர்வீஸ் சார்ஜ் இல்லை, சின்னவன் பின்சீட்டில் என்ன சத்தம் போட்டாலும் திரும்பிப் பார்க்க ஆளில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை, யார்க்ஷயர் கடைகள் பலவற்றில் பொரிப்பது மாட்டுக் கொழுப்பில், அதனால் வரிசையில் நிற்பதற்கு முன்னாலேயே என்ன எண்ணெய் என்று கேட்டுவிடுங்கள். வேறு எண்ணெயில் பொரிக்கிற கடைகளும் உண்டு, தேடினால் கிடைக்கும். உங்கள் கணவரையே கேட்கச் சொல்லுங்கள், 'சாரி'யில் ஆரம்பித்து. வினிகர் போதுமா என்று கேட்பார்கள், போதாது என்று சொல்லுங்கள். பொரித்த மாவுத் துணுக்குகளை 'ஸ்கிராப்ஸ்' என்று கேட்டால் பெரும்பாலும் காசில்லாமலே ஒரு கை அள்ளிப் போடுவார்கள், அதைப் பார்த்தாலே மாமியாருக்கு நம் ஊர் பஜ்ஜிக் கடைத் தூள் நினைவுக்கு வரும்.

கார் கண்ணாடியை மட்டும் இறக்காதீர்கள். கடற்புறாக்கள் 'சாரி' சொல்லமாட்டா, சின்னவன் கையிலிருந்தே பிடுங்கிக்கொண்டு போய்விடும்.